ஒரு கிலோ உப்பு உங்க வீட்ல எத்தனை நாள் வரும்? கண்ணுக்குத் தெரியாத சோடியத்தின் கணக்கு

ஆடி சனிக்கிழமைகளில் குச்சனூர் போயிருக்கிறீர்களா? தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், சுரபி நதிக்கரையில் இருக்கிறது சுயம்பு சனீஸ்வரர் கோயில். எள் தீபம் ஏற்றுவது, காக்கைக்குச் சோறு வைப்பது இவற்றோடு, உப்பும் பொரியும் வாங்கிப் போட்டு வேண்டிக்கொள்வதும் அங்கே வழக்கம்.

கோயிலில் போடுகிற உப்பு எவ்வளவு என்று நமக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்கிய பாக்கெட் கையிலேயே இருக்கிறது. ஆனால் தரிசனம் முடித்துவிட்டு பஸ் ஏறும் முன்பு சாப்பிட உட்காருகிறோமே, அந்த இலையில் எவ்வளவு உப்பு வந்தது? சாம்பாரில் எவ்வளவு, ஊறுகாயில் எவ்வளவு, அப்பளத்தில் எவ்வளவு? யாரைக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "அளவாத்தான் போட்டிருக்கு."

அந்த 'அளவு' எவ்வளவு என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. 'மறைந்திருக்கும் சோடியம்' என்றதும் சிப்ஸ், நூடுல்ஸ் பாக்கெட்தான் நினைவுக்கு வரும். அவற்றில் இருப்பது உண்மைதான். ஆனால் நம்மைப் பொறுத்தவரை பெரிய பங்கு ஒளிந்திருப்பது நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற உப்பு ஜாடியில். அதைக் கண்டுபிடிக்க லேப் டெஸ்ட் எதுவும் வேண்டாம். ஒரு மார்க்கர் பேனா போதும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில், எவ்வளவு உப்பு போதும்?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு: வயது வந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. தலைதட்டிய ஒரு டீஸ்பூன்கூட வராது. சோடியமாகச் சொன்னால் 2,000 மில்லிகிராமுக்குக் கீழே. ஐ.சி.எம்.ஆரின் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியும் உப்பைக் கட்டுப்படுத்தச் சொல்கிறது.

சரி, நாம் எவ்வளவு சாப்பிடுகிறோம்? 2017-18இல் நடந்த தேசிய தொற்றா நோய் கண்காணிப்புக் கணக்கெடுப்பின் ஒரு பகுதியாக, சிறுநீர் மாதிரிகளை வைத்து உப்பின் அளவு மதிப்பிடப்பட்டது. வயது வந்த இந்தியர் ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக சுமார் 8 கிராம் உப்பு எடுத்துக்கொள்கிறார். ஆண்கள் 8.9 கிராம், பெண்கள் 7.1 கிராம். உலக சராசரி இதைவிட மோசம், 10 கிராமுக்கும் மேல். அதனால் நாம் நல்ல பிள்ளைகள் என்று நினைத்துவிட வேண்டாம். நம் அளவும் எல்லையைத் தாண்டி ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டது.

உப்பு அதிகமானால் என்ன ஆகும்? ரத்தத்தில் சோடியம் கூடும்போது உடல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரத்தக் குழாய்களில் ஓடும் அளவு கூடுகிறது, அழுத்தமும் கூடுகிறது. அந்த அழுத்தத்தை வருடக்கணக்கில் தாங்குவது இதயம், மூளையின் ரத்தக் குழாய்கள், சிறுநீரகம் மூன்றும்தான். 2020இல் தமிழக அரசு நடத்திய ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுப்பாட்டில் இருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை.

பிபிக்கு வலி கிடையாது. அதனால்தான் தலைசுற்றி விழும் வரை பலருக்குத் தெரிவதே இல்லை. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிபி பார்த்து மாத்திரை கொடுப்பதற்கும் இதுவே காரணம். மாத்திரை வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. ஆனால் அதே வீட்டின் அடுப்படியில் கூடுதல் உப்பு அந்த மாத்திரைக்கு எதிராக வேலை செய்துகொண்டிருக்கிறது.

பாக்கெட் கணக்கு: மார்க்கரை எடுங்க

இப்போது விஷயத்துக்கு வருவோம். அடுத்த முறை ஒரு கிலோ உப்பு பாக்கெட்டைப் பிரிக்கும்போது, அதன் மேல் தேதியை எழுதுங்கள். காலியாகும் நாளையும் எழுதுங்கள். அவ்வளவுதான்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் என்று வைத்தால், ஒரு கிலோ உப்பு குறைந்தபட்சம் இத்தனை நாள் வர வேண்டும்:

- 2 பேர் உள்ள வீடு: 100 நாள்
- 3 பேர்: 66 நாள்
- 4 பேர்: 50 நாள்
- 5 பேர்: 40 நாள்
- 6 பேர்: 33 நாள்

நான்கு பேர் இருக்கும் வீட்டில் "மாசம் ஒரு பாக்கெட்" என்பது சாதாரணமாகக் காதில் விழும் கணக்கு. 1,000 கிராமை நான்கு பேருக்கும் 30 நாளுக்கும் பங்கு போட்டால், ஆளுக்கு 8.3 கிராம். அதாவது, நாடு முழுக்க ஆய்வு செய்து கண்டுபிடித்த சராசரி, உங்கள் வீட்டு மளிகை லிஸ்ட்டிலேயே இருக்கிறது!

இந்தக் கணக்கில் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. திராட்சை, காலிஃபிளவர் கழுவ உப்புத் தண்ணீர் வைத்திருப்பீர்கள். மாங்காய் சீசனில் ஊறுகாய் போட்டிருப்பீர்கள். விருந்தாளிகள் வந்திருப்பார்கள். இன்னொரு பக்கம், ஆபீஸ் கேன்டீனிலும் ஹோட்டலிலும் சாப்பிட்ட உப்பு இந்தப் பாக்கெட்டில் சேராது. சிறு பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் அளவுக்கு உப்பு தேவையும் இல்லை. வெளிச்சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு கிராம் ஒதுக்கினாலும், நான்கு பேர் வீட்டில் பாக்கெட் 60 நாள் தாண்ட வேண்டும். துல்லியமான அளவு கிடைக்காவிட்டாலும், நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பது தெரிந்துவிடும்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். 'உப்பு கம்மியாச் சாப்பிடுற குடும்பம்' என்று எங்களுக்கு நாங்களே சர்டிஃபிகேட் கொடுத்திருந்தோம். எழுதி வைத்துப் பார்த்தபோது பாக்கெட் 36 நாளில் காலி. ஆளுக்கு 9 கிராமுக்கும் மேல்! "நான் எப்பவும் போடற அளவுதான்" என்றார் அம்மா. அந்த 'எப்பவும் போடற அளவு'தான் எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது.

அப்படி எங்கேதான் ஒளிஞ்சிருக்கு?

பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் உப்பின் பெரும்பகுதி ஃபேக்டரியில் தயாரான உணவிலிருந்து வருகிறது. நம் ஊர் கதை வேறு. தென்னிந்தியாவிலும் வட இந்தியாவிலும் மக்கள் முந்தைய நாள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டுச் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. மொத்த உப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல், சமைக்கும்போது போட்ட உப்பு.

காரணம் எளிது. நம் சாப்பாடு அடுக்கு அடுக்காக வருகிறது, ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனி உப்பு. பள்ளத்தாக்கில் ஒரு சாதாரண மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குழம்புக்கு உப்பு, பொரியலுக்கு உப்பு, ரசத்துக்கு உப்பு, மோருக்கு உப்பு. சில வீடுகளில் சோறு வடிக்கும்போதே ஒரு சிட்டிகை. இதற்கு மேல் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய். தனித்தனியாக ருசி பார்த்தால் எதிலும் உப்பு கரிக்காது. எல்லாம் சேரும் இடம் வயிறு.

அளந்து பார்ப்போம். நான்கு பேருக்கு வைத்த குழம்பில் தலைதட்டிய இரண்டு டீஸ்பூன் உப்பு போட்டால், குறைந்தது 10 கிராம். முழுக்கச் சாப்பிட்டு முடித்தால் ஆளுக்கு 2.5 கிராம். அன்றைய மொத்தக் கோட்டாவில் பாதி குழம்போடு முடிந்தது. காலை இட்லி மாவில் போட்ட உப்பும், சட்னியும், ராத்திரி தோசையும் இன்னும் கணக்கில் வரவில்லை.

இதோடு சேரும் மற்றவை:

ஊறுகாய்: உப்புத்தான் இதைக் கெடாமல் காக்கிறது. உப்பு நீரில் போட்டு விற்கும் ஊறுகாயில் குறைந்தது 12 சதவீதம் உப்பு இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதியே சொல்கிறது. அந்தக் கணக்கில் 15 கிராம் எடையுள்ள ஒரு துண்டு ஊறுகாயில் 1.8 கிராம் உப்பு. தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டதிலேயே நாளின் மூன்றில் ஒரு பங்கு தாண்டிவிட்டது.

அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு: வெயிலில் காயவைக்கும் எதிலும் தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். அப்பளத்தில் உப்போடு அப்பளக் காரமும் சேர்கிறது. அதுவும் சோடியம்தான்.

சமையல் சோடா: நாக்கில் உப்பாகத் தெரியாத சோடியம் இது. ஒரு டீஸ்பூனில் சுமார் 1,200 மி.கி. சோடியம் இருக்கிறது. டீக்கடை பஜ்ஜி, போண்டாவில் இது எவ்வளவு என்று நமக்குத் தெரிய வழியில்லை.

சோயா சாஸ்: ரோட்டோர ஃபிரைட் ரைஸ் கடையில் கரண்டியால் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு டேபிள்ஸ்பூனில் 900 மி.கி. அளவுக்குச் சோடியம். அதன் மேல் தூள் உப்பு தனி. எல்லோரும் பயப்படும் அஜினமோட்டோவில் சோடியம் 12 சதவீதம்தான், சாதாரண உப்பில் 39 சதவீதம். அந்தத் தட்டில் பெரிய ஆள் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

பிரெட், பன், பிஸ்கட்: இனிப்பாக இருந்தாலும் உப்பு உண்டு. இரண்டு ஸ்லைஸ் பிரெட்டில் சுமார் 250 முதல் 300 மி.கி. சோடியம் இருக்கும்.

நுரை பொங்கும் பொடிகள்: நெஞ்செரிச்சலுக்குத் தண்ணீரில் போட்டு நுரையோடு குடிக்கும் பாக்கெட்டுகளில் முக்கியப் பொருள் சோடியம் பைகார்பனேட். சிலவற்றில் ஒரு பாக்கெட்டிலேயே 800 மி.கி. அளவு சோடியம் இருக்கிறது. தினமும் ராத்திரி ஹோட்டல் சாப்பாடு, அதன் பிறகு இது என்று பழகியிருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

பாக்கெட்டைத் திருப்பினால் என்ன பார்க்கணும்?

பாக்கெட் உணவின் பின்புறம் இருக்கும் ஊட்டச்சத்து அட்டவணையில் சோடியம் எவ்வளவு என்று போட வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் லேபிள் விதி. மூன்றே விஷயம் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஒன்று, அங்கே எழுதியிருப்பது சோடியம், உப்பு அல்ல. 2.5 ஆல் பெருக்கினால் உப்பு கிடைக்கும். 100 கிராம் மிக்சரில் 800 மி.கி. சோடியம் என்று போட்டிருந்தால், அதில் 2 கிராம் உப்பு இருக்கிறது. மேட்ச் பார்த்துக்கொண்டே 50 கிராம் கொறித்தால் 1 கிராம் உப்பு உள்ளே போய்விட்டது.

இரண்டு, 100 கிராமுக்கான எண்ணைப் பாருங்கள். 'ஒரு பரிமாறலுக்கு' என்ற எண் சின்னதாகத் தெரியும். ஏனென்றால் அந்தப் 'பரிமாறல்' எவ்வளவு என்று முடிவு செய்வது கம்பெனி. நாம் முழு பாக்கெட்டையும் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்போம்.

மூன்று, பிரிட்டனில் பயன்படும் ஓர் எளிய அளவுகோல்: 100 கிராமில் 600 மி.கி.க்கு மேல் சோடியம் இருந்தால் அதிகம், 120 மி.கி. அல்லது அதற்குக் கீழே என்றால் குறைவு. இரண்டு பிராண்டில் எதை எடுப்பது என்று கடையில் நிற்கும்போது இது உதவும்.

வெயில்ல வேலை செய்றவங்களுக்கு உப்பு வேணாமா?

கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். வாழைத் தோப்பிலும் நெல் வயலிலும் நாள் முழுக்க நிற்பவர்களும், விடியும் முன்பே ஜீப்பில் ஏறி இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் போய் வருபவர்களும் இருக்கும் ஊர் இது. தூக்குவாளியில் சோறும் ஊறுகாயும்தான் பலருக்கு மதியச் சாப்பாடு. கூடுதல் கறிக்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. ஊறுகாய் இல்லாவிட்டால் சோறு இறங்காது. "உப்பைக் குறைங்க" என்று ஏசி அறையிலிருந்து சொல்வது எளிது.

நியாயமான கேள்விதான். வேர்வையோடு சோடியம் வெளியேறுகிறது. உப்பே இல்லாமல் இருக்கவும் முடியாது. ஆனால் உடல் இயங்கத் தேவையான அடிப்படை அளவு ஒரு நாளைக்கு 500 மி.கி. சோடியத்துக்குள்தான். நாம் சராசரியாகச் சாப்பிடுவது 3,000 மி.கி.க்கு மேல். எனவே வெயிலில் உழைக்கும் பெரும்பாலானவர்களுக்கு முதலில் குறைவது தண்ணீர். தாகம் எடுக்கும் முன்பே குடிக்கத் தண்ணீரும், நிழலில் உட்காரக் கொஞ்ச நேரமும் கிடைக்க வேண்டும். கடும் வேர்வையில் தசை பிடித்து இழுத்தாலோ, மயக்கம் வந்தாலோ, வாந்தி பேதி ஆனாலோ, அப்போது ஓ.ஆர்.எஸ். கரைசல் தேவைப்படும். அது மருந்து. ஒரு லிட்டரில் 1,700 மி.கி.க்கு மேல் சோடியம் இருக்கிறது என்பதால், ஆபீஸில் ஜூஸ் மாதிரி குடிக்கும் பானம் அல்ல.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. சோடியம் ஏற்றும் அழுத்தத்தை இறக்க உதவும் தாது பொட்டாசியம். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 400 மி.கி. அளவுக்கு இருக்கிறது. இளநீரிலும் கீரையிலும் பயறிலும் நிறைய உண்டு. லாரி லாரியாக வாழையும் தேங்காயும் வெளியூருக்கு ஏற்றி அனுப்பும் பள்ளத்தாக்கில், அவற்றைப் பறித்துப் போடுபவர்களின் தூக்குவாளியில் ஊறுகாய் மட்டும் இருப்பதுதான் உறுத்துகிறது.

கல் உப்பு, இந்துப்பு நல்லதாமே?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் கேள்வி. கல் உப்பு, தூள் உப்பு, இளஞ்சிவப்பு இந்துப்பு எதுவானாலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். இந்துப்பில் மற்ற தாதுக்கள் இருந்தாலும் உடம்புக்குப் பலன் தரும் அளவில் இல்லை. கல் உப்பை ஸ்பூனில் எடுக்கும்போது இடையில் காற்று இருப்பதால் எடை கொஞ்சம் குறையும். ஆனால் நாக்கு கேட்கும் வரை போட்டால் கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிடும்.

அயோடினை மறக்க வேண்டாம். உப்பைக் குறைத்தாலும், போடும் உப்பு அயோடின் சேர்த்ததாக இருக்கட்டும். 'இயற்கை உப்பு' என்று மூட்டையில் வாங்கும் உப்பில் அது இருக்கும் என்று சொல்ல முடியாது.

தமிழ்நாடு விற்ற 21 ரூபாய் உப்பு

உப்பின் ருசி வேண்டும், சோடியம் குறைய வேண்டும். இதற்கு ஒரு வழி, சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைச் சேர்ப்பது. கடையில் 'லோ சோடியம்' என்று விற்பது இதுதான்.

இது நமக்குப் புதிதல்ல. 2014 ஜூனில் அன்றைய முதல்வர் ஜெயலலிதா 'அம்மா உப்பு' விற்பனையைத் தொடங்கி வைத்தார். தமிழ்நாடு அரசின் உப்பு நிறுவனம் ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் தயாரித்த மூன்று வகை உப்பு: அயோடின் உப்பு கிலோ 10 ரூபாய், இரும்புச்சத்தும் அயோடினும் சேர்ந்தது 14 ரூபாய், சோடியம் குறைந்த உப்பு 21 ரூபாய். இன்று உலக சுகாதார நிறுவனம் பேசும் ஒன்றை, ஒரு மாநில அரசு அப்போதே கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் விலையைப் பாருங்கள். உடம்புக்கு நல்லது என்று சொல்லப்பட்ட உப்பு, சாதாரண உப்பைப் போல இரண்டு மடங்கு. ரேஷன் அரிசியை நம்பி இருக்கும் வீடு எதை எடுக்கும்?

இந்த வகை உப்பு வேலை செய்கிறதா? சீனாவில் 600 கிராமங்களில், ஏறக்குறைய 21,000 பேரிடம் சுமார் ஐந்து ஆண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள், அல்லது 60 வயது தாண்டி பிபி உள்ளவர்கள். வழக்கமான உப்புக்குப் பதில் கால் பங்கு பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்திய கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதமும், மரணங்கள் 12 சதவீதமும் குறைந்தன. தெலங்கானாவின் சித்திப்பேட்டை பகுதி கிராமங்களில் 502 பேரிடம் மூன்று மாதம் நடந்த ஆய்வில், ரத்த அழுத்தத்தின் மேல் எண் சராசரியாக 4.6 புள்ளி கூடுதலாக இறங்கியது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், வீட்டில் பயன்படுத்தும் சாதாரண உப்புக்குப் பதில் இதைப் பயன்படுத்தலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது.

நில்லுங்க, எல்லாருக்கும் இது கிடையாது!

அதே வழிகாட்டுதல் கர்ப்பிணிகளுக்கும், குழந்தைகளுக்கும், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது என்கிறது. உடலில் கூடும் பொட்டாசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அது பழுதாக இருந்தால் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும். அளவு மீறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும், உயிருக்கும் ஆபத்து. டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில் போன்ற பிபி மாத்திரைகளும், ஸ்பைரோனோலாக்டோனும் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை.

சிக்கல் என்னவென்றால், யாருக்கு இந்த உப்பு அதிகம் தேவையோ, அதே பிபி, சர்க்கரை நோயாளிகளுக்குத்தான் சிறுநீரகப் பாதிப்பும் அதிகம். பலருக்கு அது இருப்பதே தெரியாது. பிபி, சர்க்கரை இல்லாத விவசாயத் தொழிலாளர்களிடமும் காரணம் தெரியாத சிறுநீரக நோய் தமிழ்நாட்டில் பதிவாகியிருக்கிறது. 2023 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய 'சிறுநீரகம் பாதுகாக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டம்' ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கும் திட்டம்.

ஆகவே அப்பாவுக்கு பிபி என்று ஆன்லைனில் லோ சோடியம் உப்பு ஆர்டர் போடும் முன்பு ஒரு நிமிஷம். அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டும் ரத்தப் பரிசோதனையில் தெரியும். தேனி பக்கத்துக்காரர்களுக்கு க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எல்லாம் சரி என்றால் வாங்கலாம். இல்லையென்றால், சாதாரண உப்பைக் குறைப்பதுதான் ஒரே வழி. அதற்குப் பைசா செலவும் இல்லை.

எல்லாமே நம்ம தலையிலதானா? அரசு என்ன செய்யலாம்?

பிரிட்டனில் 2003 முதல் பிரெட் உட்பட பல உணவுகளில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கக் கம்பெனிகளுக்கு இலக்கு கொடுத்தார்கள். பத்து ஆண்டில் பிரெட்டில் 20 சதவீதம் உப்பு குறைந்தது. மெதுவாகக் குறைத்ததால் வாடிக்கையாளர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. மக்கள் சாப்பிடும் சராசரி உப்பு 9.5 கிராமிலிருந்து 8.1 கிராமாக இறங்கியது. சிலி நாட்டில் 2016 முதல், சோடியம் அதிகமுள்ள பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை குத்த வேண்டும்.

இந்தியாவில் முன்பக்க லேபிள் பேச்சு வருடக்கணக்கில் ஓடுகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 செப்டம்பரில் நட்சத்திர மதிப்பீடு கொடுக்கும் வரைவை வெளியிட்டது. உப்பு அதிகமான பொருளும் இரண்டு நட்சத்திரத்தோடு நிற்குமே என்று எதிர்ப்பு வந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், மூன்று மாதத்துக்குள் பரிந்துரையை முடிக்கச் சொன்னது. அதன் பிறகு அவகாசம் நீண்டது.

ஆனால் லேபிள் வந்தாலும் நம் உப்பில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் தொடும். மீதி அடுப்படியில். அதனால்தான் சென்னையில் இருக்கும் ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், பஞ்சாப்பிலும் தெலங்கானாவிலும் மூன்று ஆண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. நலவாழ்வு மையங்களில் சுகாதாரப் பணியாளர்கள் பிபி உள்ளவர்களிடம் உட்கார்ந்து, உப்பை எப்படிக் குறைப்பது என்று பேசினால் பலன் இருக்கிறதா என்று அதில் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் இதற்கான ஆட்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். வீடு வீடாக பிபி பார்க்கப் போகும் மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர், மாத்திரையோடு "உப்பு பாக்கெட் எத்தனை நாள் வந்துச்சு?" என்று ஒரு கேள்வியும் கேட்கலாம். சத்துணவு, காலை உணவுத் திட்டம், அம்மா உணவகம் என்று அரசே தினமும் பல லட்சம் பேருக்குச் சமைக்கிறது. அங்கே ஒரு சிட்டிகை குறைந்தால், ஒரு தலைமுறையின் நாக்கு மாறும்.

சரி, இன்னைக்கே என்ன பண்ணலாம்?

ஒரேயடியாகப் பாதியாகக் குறைக்காதீர்கள். வீட்டில் சண்டைதான் வரும். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று தட்டு தள்ளப்படும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால், சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். அதன் பிறகு பழைய அளவு போட்டால் உங்களுக்கே கரிக்கும்.

- ஜாடியில் கையை விடாமல், ஒரே அளவு ஸ்பூன் போடுங்கள். முதல் இரண்டு வாரம் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள். பிறகு இன்னொரு பங்கு.
- ஒரு அடுக்கில் உப்பை எடுத்துவிடுங்கள். சோற்றிலும் சப்பாத்தி மாவிலும் உப்பு இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. மோரில் உப்புக்குப் பதில் பெருங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை.
- பொரியலுக்கு உப்பைக் கடைசியில் தூவுங்கள். மேலாக இருக்கும் உப்பு நாக்குக்குச் சீக்கிரம் தெரியும், குறைவாகப் போதும். எலுமிச்சை, புளி, மிளகு, பூண்டு ருசியைத் தூக்கிப் பிடிக்கும்.
- ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் மூன்றும் ஒரே வேளையில் வேண்டாம். ஏதாவது ஒன்று.
- டைனிங் டேபிளில் உப்பு டப்பா வேண்டாம்.
- ஹோட்டலில் சால்னாவையும் சாம்பாரையும் பரோட்டா, இட்லி மேலே குளிப்பாட்டாமல், தொட்டுச் சாப்பிடுங்கள்.
- பிபி மாத்திரை சாப்பிடுபவர்கள் உப்பைக் குறைத்துவிட்டோம் என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. அளவை மாற்றுவது டாக்டர் வேலை.

சமைப்பவரை மட்டும் குற்றவாளி ஆக்காதீர்கள். பெரும்பாலான வீடுகளில் அது அம்மாவோ மனைவியோதான். "உப்பு கம்மி" என்று முதலில் முகம் சுளிப்பது மற்றவர்கள். அவர்கள் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டாவது பாக்கெட் ஓடிக்கொண்டிருக்கிறது. தேதி எழுதியாயிற்று. இலக்கு 66 நாள். 50 தாண்டினாலே சந்தோஷம் என்று அம்மா சொல்லியிருக்கிறார். உங்க வீட்டு பாக்கெட் என்னைக்குப் பிரிச்சது?